480 குதிரைத்திறன் இரண்டிலும்: பிறகு எந்த ஸ்போர்ட்ஸ் கார் வேகமானது?

2008 ஏப்ரலில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் நிஸான் ஜி.டி-ஆர் கார் ஒரு சுற்றை 7 நிமிடம் 29 விநாடியில் முடித்தது. ஓட்டியவர் ஜப்பானியப் பந்தய வீரர் தோஷியோ சுசுகி. அந்த நேரத்தை போர்ஷே நிறுவனத்தால் நம்ப முடியவில்லை. அமெரிக்காவில் ஒரு ஜி.டி-ஆரை விலை கொடுத்து வாங்கி, அதே பாதைக்குக் கொண்டுவந்து, தங்கள் ஓட்டுநரை வைத்தே ஓட்டிப் பார்த்தார்கள். வந்த நேரம் 7 நிமிடம் 54 விநாடி. தங்கள் 911 டர்போ 7:38-இல் சுற்றிவிடுகிறது என்றும் சொன்னார்கள். நிஸானோ, எங்கள் கார் கடையில் விற்கிற அதே கார்தான் என்று உறுதியாக நின்றது.

அன்று அமெரிக்காவில் ஜி.டி-ஆரின் விலை சுமார் 70,000 டாலர். 911 டர்போ 1,20,000 டாலருக்கு மேல். சண்டை ஏன் அவ்வளவு சூடாக நடந்தது என்பதற்கு இந்த வித்தியாசமே போதும். ஆனால் என்னை இழுத்தது விலை இல்லை. காகிதத்தில் இந்த இரண்டு கார்களும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் ஆறு சிலிண்டர், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ இரண்டு. இரண்டிலும் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. இரண்டும் 480 குதிரைத்திறன். இரண்டின் உச்ச வேகமும் மணிக்கு 310 கிலோமீட்டர். அப்படியிருக்க, ஒரு சோதனையில் ஒன்று முந்துகிறது, மறு சோதனையில் மற்றது முந்துகிறது. எப்படி?

கார் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் குதிரைத்திறனையும் உச்ச வேகத்தையும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறோம். ஒரு கார் வளைவில் எப்படித் திரும்புகிறது, எப்படி நிற்கிறது என்பதற்கு அந்த இரண்டு எண்களிலும் விடை கிடையாது. ஆரம்பத்திலிருந்து போவோம்.

கிணறும் வாளியும்

கிணற்றில் தண்ணீர் இறைப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கனமான வாளியை அவரால் இழுக்க முடியும் என்பது ஒரு கேள்வி. நிமிடத்துக்கு எத்தனை வாளி இழுக்கிறார் என்பது வேறு கேள்வி. பெரிய வாளியை நிதானமாக இழுப்பவரும் சின்ன வாளியை மடமடவென்று இழுப்பவரும் ஒரே நேரத்தில் தொட்டியை நிரப்பிவிடலாம்.

இன்ஜின் தன் தண்டை எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பதுதான் டார்க், அதாவது முறுக்குவிசை. அது வாளியின் கனம். அந்தத் திருகலை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் வருவது குதிரைத்திறன். அது தொட்டி நிரம்பும் வேகம்.

இப்போது நம் இரண்டு கார்களைப் பார்க்கலாம். 911 டர்போவின் உச்ச முறுக்குவிசை 620 நியூட்டன் மீட்டர். இன்ஜின் நிமிடத்துக்கு 1,950 சுற்றை எட்டியதுமே அது கிடைத்துவிடும். ஜி.டி-ஆரில் 588 நியூட்டன் மீட்டர், ஆனால் 3,200 சுற்றில்தான் தொடங்கும். இரண்டுமே 6,000 சுற்றையோ அதற்குச் சற்று மேலேயோ எட்டும்போது 480 என்ற ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சாலையில் சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினால் 911 உடனே எழும். ஜி.டி-ஆரில் அதே இழுவை வேண்டுமானால் கியரைக் குறைத்து இன்ஜினை மேலே கொண்டுபோக வேண்டும். டிராக்கில் இன்ஜின் எப்போதுமே மேலேயே சுழன்றுகொண்டிருப்பதால் இந்த வித்தியாசம் அங்கே மறைந்துவிடுகிறது.

கியர் மாற்றும் விதமும் சேர்கிறது. ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் உலக்கை இறங்கும்போது அடுத்தவர் உலக்கை ஏறி நிற்கும், இடைவெளியே இருக்காது. ஜி.டி-ஆரில் இருப்பது இந்த மாதிரியான இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஒரு கிளட்ச் நான்காம் கியரை ஓட்டும்போதே மற்ற கிளட்ச் ஐந்தாம் கியரைத் தயாராகப் பிடித்திருக்கும். அன்றைய 911 டர்போவில் இருந்தது கையால் மாற்றும் ஆறு கியர், அல்லது ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். போர்ஷேயின் கணக்குப்படியே 0-லிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கையால் மாற்றும் காருக்கு 3.9 விநாடி, ஆட்டோமேட்டிக்குக்கு 3.7 விநாடி. ஒரே இன்ஜின்தான். கியர்பாக்ஸ் மட்டும் வேறு.

இந்த 0-100 எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் பத்திரிகைகள் பல, கார் நகர்ந்து ஒரு அடி தூரம் போன பிறகுதான் கடிகாரத்தை ஓடவிடும். நேர்கோட்டுப் பந்தயங்களிலிருந்து வந்த பழக்கம் அது. அந்த ஓரடி கிட்டத்தட்ட கால் விநாடியை விழுங்கிவிடுகிறது. ஒரு காருக்கு ஒரு பத்திரிகையின் எண்ணையும் இன்னொரு காருக்கு வேறு நாட்டுப் பத்திரிகையின் எண்ணையும் எடுத்து வைத்துச் சண்டை போடுகிறவர்கள், பெரும்பாலும் அந்த ஓரடிக்காகத்தான் சண்டை போடுகிறார்கள்.

ஆக, முறுக்குவிசை என்பது திருகும் பலம். குதிரைத்திறன் என்பது அந்தப் பலம் எவ்வளவு வேகமாக வேலையாகிறது என்பது. இரண்டின் உச்ச எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எந்தச் சுற்றில் கிடைக்கிறது, கியர் வழியாக எப்படிச் சக்கரத்துக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்கு உள்ளங்கைகள்

சரி, பலம் சக்கரம் வரை வந்துவிட்டது. அதற்கு அப்புறம்?

எண்ணெய் கொட்டிய தரையில் ஓட்டப்பந்தய வீரரை நிறுத்திப் பாருங்கள். கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். காருக்குத் தரையோடு இருக்கும் தொடர்பு நான்கு இடங்களில் மட்டும்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய விரித்த உள்ளங்கை அளவு. அகலமான ஸ்போர்ட்ஸ் டயராக இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதல். ஒன்றரை டன் காரை ஓடவைப்பதும், திருப்புவதும், நிறுத்துவதும் இந்த நான்கு உள்ளங்கைகள்தான். தரையை அவை எவ்வளவு விசையோடு பற்ற முடியும் என்பதைப் பிடிப்பு என்கிறோம். கார்க்காரர்கள் கிரிப் என்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 100 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவு. டயரின் பிடிப்பு காரின் எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வளைவில் கார் வழுக்காமல் போகக்கூடிய அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்குமே வராது. 480 இருந்தாலும் 113, 800 இருந்தாலும் 113. டயரை மாற்றிப் பிடிப்பைப் பத்து சதவீதம் கூட்டினால் வேகம் 118 ஆகிறது.

ஐந்து கிலோமீட்டர்தானா என்று தோன்றும். ஆனால் ஒரு வளைவில் கிடைத்த அந்த ஐந்து, அடுத்த நேர்பாதை முழுக்க கூடவே வருகிறது. நூர்பர்க்ரிங்கில் அதிகாரபூர்வக் கணக்குப்படி 73 வளைவுகள்.

டயர் ரப்பரும் எல்லாம் ஒன்றல்ல. பலாப்பழப் பாலைப் போல, சூடு ஏறினால் ஒட்டும் ரப்பர் உண்டு. டிராக்குக்காகச் செய்த டயர்கள் அந்த வகை. மேலே பள்ளங்களும் குறைவாக இருக்கும். அதனால் தரையில் படும் ரப்பர் அதிகம். காய்ந்த தரையில் அபாரமாகப் பிடிக்கும். மழை பெய்தால் தண்ணீரை வெளியேற்றப் போதிய பள்ளம் இல்லாமல் தத்தளிக்கும், காலையில் டயர் குளிர்ந்து கிடக்கும்போதும் சரியாகப் பிடிக்காது. 2008 சண்டையில் போர்ஷே தரப்பு எழுப்பிய முக்கியமான சந்தேகமே டயரைப் பற்றியதுதான். இன்ஜினை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை.

முளையில் கட்டிய ஆடு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு ஆட்டைப் பத்தடிக் கயிற்றில் முளையில் கட்டியிருக்கிறார்கள். அது வடக்கே பத்தடி போகலாம், கிழக்கே பத்தடி போகலாம். ஆனால் வடக்கே பத்தடி போய்விட்டால் கிழக்கே ஒரு அடிகூட நகர முடியாது. வடக்கே எட்டடி போனால், கிழக்கே ஆறடி வரை போக இடம் இருக்கும். ஆட்டின் உலகம் ஒரு வட்டம்.

டயரின் பிடிப்பும் அப்படிப்பட்ட வட்டம். வடக்கு தெற்கு என்பது முடுக்குவதும் பிரேக் போடுவதும். கிழக்கு மேற்கு என்பது வலம் இடம் திரும்புவது. பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தும்போது டயர் தன் கயிற்றை முழுக்க அதற்கே செலவழித்துவிடுகிறது. அந்த நேரம் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் திரும்பாது. பிரேக்கைக் கொஞ்சம் விட்டால் திரும்ப இடம் கிடைக்கும். நல்ல பந்தய வீரர் செய்வது இதைத்தான். வளைவை நெருங்கும்போது முழு பிரேக். பிறகு பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே ஸ்டீயரிங்கைக் கூட்டுவார். வளைவைத் தாண்டும்போது ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுவார். எப்போதும் கயிறு விறைப்பாகவே இருக்கும். ஆடு வட்டத்தின் விளிம்பிலேயே சுற்றி வரும்.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. முன்சக்கரங்கள் முதலில் வழுக்கினால் நாம் திருப்பியும் கார் நேராகவே போகப் பார்க்கும், அது அண்டர்ஸ்டியர். பின்சக்கரங்கள் முதலில் வழுக்கினால் காரின் வால் வெளியே வீசும்; அது ஓவர்ஸ்டியர். முதலாவது எரிச்சல் தரும், இரண்டாவது பயம் தரும். சாலையில் விற்கும் கார்கள் பெரும்பாலும் முதலாவதை நோக்கிச் சாய்வாக அமைக்கப்படுவதன் காரணம், சாதாரண ஓட்டுநரால் அதைச் சமாளிக்க முடியும் என்பதே.

பஸ்ஸில் நிற்கும் ஆள்

டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்வார். எடை முழுக்க முன்பாதத்துக்குப் போகும், குதிகால் லேசாகும். காருக்கும் அதே நடக்கிறது. இதை எடை மாற்றம் என்போம். காரின் எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டும் மாறுகிறது.

மாறினால் என்ன, மொத்தம் அதேதானே? இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு பேர் ஆளுக்கு ஐம்பது கிலோ மூட்டை சுமந்தால் நன்றாக நடப்பார்கள். ஒருவர் தலையில் தொண்ணூறும் மற்றவர் தலையில் பத்தும் வைத்தால், சுமை அதே நூறுதான். ஆனால் தொண்ணூறு சுமப்பவர் தள்ளாடுவார், பத்து சுமப்பவரின் பலம் வீணாகும். டயரும் அப்படித்தான். அழுத்தம் இரட்டிப்பானால் பிடிப்பு கூடும், ஆனால் இரட்டிப்பாகாது. ஆகவே சுமை ஒரு பக்கம் குவியக் குவிய நான்கு டயர்களின் மொத்தப் பிடிப்பு குறைந்துகொண்டே வரும்.

இனி நம் கார்களுக்கு வருவோம். 911-இன் இன்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் தொங்குகிறது. நிற்கும்போது எடையில் ஏறக்குறைய 38 பங்கு முன்னால், 62 பங்கு பின்னால். கேட்டால் கோணலாகத் தோன்றும். ஆனால் முழு பிரேக் போட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட காரில் சுமார் இருபது பங்கு எடை பின்னாலிருந்து முன்னால் நகரும். அப்போது 58-க்கு 42. நான்கு டயர்களும் ஏறக்குறைய சமமாகச் சுமந்து சேர்ந்து நிறுத்துகின்றன. வளைவிலிருந்து வெளியேறி முடுக்கும்போது எடை பின்னால் போகும், அங்கே ஏற்கெனவே இருக்கும் கனத்தோடு சேர்ந்து பின் டயர்களைத் தரையில் பதிக்கும். இந்த வசதிக்கு விலை கொடுக்க வேண்டியிருப்பது பிரேக்குக்கும் முடுக்கத்துக்கும் நடுவில். வளைவில் நுழையும்போது முன்பக்கம் லேசாக இருப்பதால் பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தபடி முன் டயர்களை அழுத்தி வைத்துத் திருப்பத் தெரிய வேண்டும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கினால், பின்னால் தொங்கும் கனம் கயிற்றில் கட்டிய கல்லைப் போல வெளியே வீசப் பார்க்கும். பழைய 911-களுக்கு வந்த பயங்கரப் பெயர் இதனால்தான். புதிய கார்களில் அகலமான பின் டயர்களும் மின்னணுக் கட்டுப்பாடும் அதை வெகுவாக அடக்கிவிட்டன.

ஜி.டி-ஆரில் இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். எடை 53-க்கு 47. பிரேக் போட்டால் முன்பக்கத்தின் பங்கு எழுபதைத் தாண்டும்; முன் டயர்களுக்குப் பெரும்பாடு. ஆனால் முடுக்கும்போது எடை சமநிலையைத் தாண்டிச் சற்றே பின்னால் போய் நிற்க, நான்கு சக்கரங்களும் இழுக்க, கம்ப்யூட்டர் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பங்கிட, கார் வளைவிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது.

ஜி.டி-ஆரின் எடை 1,740 கிலோ. 911 டர்போ 1,585. இரண்டு பெரியவர்களை எப்போதும் ஏற்றிக்கொண்டு ஓடுவது போன்ற வித்தியாசம் இது. ஜி.டி-ஆரை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் கஸுதோஷி மிசுனோ இந்தக் கனம் டயரை அழுத்தவே தேவை என்று வாதிட்டவர். மேலே சொன்ன மூட்டைக் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் என்னை முழுதாக நம்பவைக்கவில்லை. அழுத்தம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் திருப்ப வேண்டிய கனமும் அதைவிட வேகமாகக் கூடிவிடுகிறதே. ஜி.டி-ஆர் அவ்வளவு வேகமாக ஓடியதற்கு அதன் கனம் காரணமல்ல, அந்தக் கனத்தை மீறியும் அப்படி ஓடவைத்த வேலைப்பாடுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: டயருக்குப் பிடிப்பு ஒரு வட்ட அளவுதான். அந்த வட்டத்தின் அளவும் காரின் எடை நகர்வதற்கேற்பச் சக்கரத்துக்குச் சக்கரம் மாறிக்கொண்டே இருக்கும். இன்ஜினை எங்கே வைக்கிறோம் என்பது இந்த நகர்வை யாருக்குச் சாதகமாக்குவது என்ற முடிவு.

பிரேக் ஓர் அடுப்பு

1,600 கிலோ கார் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை நிறுத்த வேண்டும். அந்த ஓட்டத்தின் ஆற்றல் பெரும்பாலும் பிரேக் டிஸ்க்கில் சூடாக மாறும். சுமார் எட்டு லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம், ஆறு விநாடிக்குள்! அந்த ஆறு விநாடியில் பிரேக் செய்யும் வேலையைக் குதிரைத்திறனில் கணக்கிட்டால் இன்ஜினின் 480-ஐத் தாண்டிவிடும். காரிலேயே பலமான உறுப்பு பிரேக்தான்.

சாலையில் இப்படி ஒரு முறை நிறுத்தினால் பிறகு ஆறிவிட நேரம் இருக்கும். டிராக்கில் சில விநாடிகளிலேயே அடுத்த வளைவு வந்துவிடும். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வரும் வண்டியில் பிரேக் பிடிக்காமல் போவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிராக்கில் நடப்பதும் அதே. அதனால்தான் ஒரு கார் முதல் சுற்றில் என்ன நேரம் எடுத்தது என்பதைப் போலவே ஐந்தாவது சுற்றில் என்ன எடுத்தது என்பதும் முக்கியம். நல்ல ஒப்பீடுகளில் இது கட்டாயம் இருக்கும்.

பஸ் ஜன்னலில் கை

சின்ன வயதில் பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விளையாடியிருப்போம். விரல் நுனியைச் சற்று மேலே தூக்கினால் கை மேலே எழும், கீழே சாய்த்தால் கீழே அமுங்கும். காரின் பின்னிறக்கை இரண்டாவதைச் செய்கிறது. காற்று காரைத் தரையை நோக்கி அழுத்துகிறது. இதைக் கீழழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். எடை கூடாமல் டயரின் மேல் அழுத்தம் மட்டும் கூடுகிறது. பிடிப்பு கூடும், திருப்ப வேண்டிய கனம் கூடாது. மிசுனோவின் வாதம் உண்மையாகிற இடம் இதுதான்.

இதற்கு ஒரே குடும்பத்துச் சகோதரர்களைப் பார்ப்பது நல்லது. 2021-இல் வந்த போர்ஷே 911 ஜி.டி.3 கார் 510 குதிரைத்திறன், உச்ச வேகம் 318. அதன் அண்ணன் ஜி.டி.3 ஆர்.எஸ் 525 குதிரைத்திறன், ஆனால் உச்ச வேகம் 296 மட்டும். பெரிய இறக்கை காற்றைத் தடுப்பதால் நேர்பாதையில் தோற்கிறது. நூர்பர்க்ரிங்கின் முழுச் சுற்றில் ஜி.டி.3 எடுத்தது 6 நிமிடம் 59.927 விநாடி, ஆர்.எஸ் எடுத்தது 6 நிமிடம் 49.328. உச்ச வேகத்தில் 22 கிலோமீட்டர் பின்தங்கிய கார் சுற்றை முடிப்பதில் பத்து விநாடிக்கு மேல் முந்திவிட்டது. உச்ச வேகத்தை வைத்து ஸ்போர்ட்ஸ் காரை அளக்கக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று இதுதான்.

ஆனால் காற்றின் உதவி வேகத்தின் வர்க்கத்தில் கூடுவது, குறைவதும் அப்படியே. ஆர்.எஸ்ஸில் 285 கிலோமீட்டர் வேகத்தில் கீழழுத்தம் 860 கிலோ. 200-இல் 409 கிலோ. ஊருக்குள் 40-இல் போகும்போது? கணக்குப் போட்டால் 16 கிலோ வரும். அரை மூட்டை அரிசிகூட இல்லை. இதற்காக அந்தக் காரில் முன்பக்கப் பெட்டி வைக்கும் இடத்தையே ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஒரு சுற்றின் கதை

நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று ஐஃபெல் மலைக் காட்டுக்குள் 20.8 கிலோமீட்டர் வளைந்து செல்கிறது. 1927-இல் திறந்தது. சுமார் 300 மீட்டர் ஏற்ற இறக்கம். ஃபார்முலா ஒன் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் அதற்கு வைத்த பெயர் பச்சை நரகம். 1976-இல் இன்னொரு வீரர் நிக்கி லாடா அங்கே தீயில் சிக்கிய பிறகு ஃபார்முலா ஒன் அந்தப் பாதைக்குத் திரும்பவில்லை. ஒரு முனையில் வெயில், மறுமுனையில் மழை என்பது அங்கே சாதாரணம்.

அன்று நேரம் எடுத்தது இந்தப் பாதையின் 20.6 கிலோமீட்டருக்கு; அதற்கு 7:29 என்றால் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 165 கிலோமீட்டர். 7:54 என்றால் 156. வித்தியாசம் ஐந்து சதவீதம். எவ்வளவு எளிதில் இந்த ஐந்து சதவீதம் வந்துவிடும் என்று இப்போது உங்களாலேயே ஊகிக்க முடியும். டயரின் வகையும் சூடும், தரையின் ஈரம், டர்போ இழுக்கும் காற்றின் குளுமை எல்லாம் சேரும். எல்லாவற்றுக்கும் மேலே ஓட்டுநர். சுசுகி அந்தக் காரின் உருவாக்கத்திலேயே மாதக்கணக்கில் ஓட்டியவர். போர்ஷேயின் ஓட்டுநருக்குப் பாதை அத்துப்படி, கார் புதிது. முளையில் கட்டிய ஆட்டின் கயிறு எங்கே முடிகிறது என்று தெரியாதவர் விளிம்புக்கு இரண்டடி உள்ளேயே நின்றுவிடுவார். 73 வளைவிலும் அப்படி நின்றால் 25 விநாடி ஒன்றும் பெரிதில்லை.

அதற்காக யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரண்டு எண்களும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒன்று, இந்தக் காரை நன்கறிந்தவர் நல்ல நாளில் எவ்வளவு பிழிந்தெடுக்க முடியும் என்பது. மற்றது, காரைப் புதிதாக வாங்கிய திறமைசாலி ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பது. வாங்குகிறவர் நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் முதலில் கேட்பேன்.

2019-இலிருந்து இந்தப் பாதையில் அதிகாரபூர்வ நேரம் எடுக்க முறையான விதிகள் வந்துவிட்டன. தொடங்கிய கோட்டிலேயே முடிக்க வேண்டும், 20.832 கிலோமீட்டர் முழுதாக. முன்பெல்லாம் தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் நடுவே இருநூறு மீட்டருக்கு மேல் விட்டுவிட்டு 20.6 கிலோமீட்டருக்கே நேரம் சொல்வார்கள். 2021-இல் போர்ஷே 911 ஜி.டி.2 ஆர்.எஸ் ஓட்டிய ஒரே சுற்றுக்கு இரண்டு நேரங்கள் உண்டு: பழைய அளவில் 6:38.835, புதிய அளவில் 6:43.300. பழைய சாதனையோடு புதியதை ஒப்பிடும்போது இந்த நாலரை விநாடியைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் ஏராளம்.

சாலை கேட்பது வேறு

டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், எதிரே லாரி வராது, வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியும். சாலையில் இது எதுவும் கிடையாது. நிதானமுள்ள யாரும் சாலையில் காரின் பிடிப்பில் பாதியைக்கூடத் தொடமாட்டார்கள், தொடவும் கூடாது. எனவே கயிற்றின் நீளம் பத்தடியா பதினோரு அடியா என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை.

அப்படியானால் சாலையில் இரண்டு கார்களை எதை வைத்து ஒப்பிடுவது? மேடு பள்ளத்தில் டயர் தரையை விடாமல் இருக்கிறதா என்பது முதலில். டிராக்குக்காக ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் கார் சாய்வது குறையும், ஆனால் ஒட்டுப்போட்ட ரோட்டில் டயர் குதிக்கும். குதிக்கிற நேரத்தில் அந்த உள்ளங்கை காற்றில் இருக்கிறது, பிடிப்பு பூஜ்ஜியம். மென்மையான கார் அந்த ரோட்டில் நிஜமாகவே வேகமானதாக இருக்கும். அப்புறம் மெதுவான வேகத்திலேயே கிடைக்கும் முறுக்குவிசை, ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வரும் தகவல், கண்ணாடி வழியே தெரியும் பார்வை, மழையில் டயரின் நடத்தை. ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது முதுகு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் அன்றைய 911 டர்போவுக்குப் பல இடங்களில் முன்னிலை. வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதிகளைக் கொண்ட ஜெர்மன் நெடுஞ்சாலையில் நாளெல்லாம் ஓட்டுவதற்கென்றே வளர்ந்த கார் அது. ஜி.டி-ஆர் விறைப்பானது, கியர்பாக்ஸ் சத்தம் உள்ளே கேட்கும். ஆனால் மழை பெய்கிற மலைப்பாதையில் அதன் நான்கு சக்கர இழுவை சாதாரண ஓட்டுநருக்குக் கொடுத்த தைரியத்தை, அந்த விலையில் வேறு யாரும் அன்று கொடுக்கவில்லை.

ஜி.டி-ஆர் பற்றிய ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜப்பானில் விற்ற கார்கள் 180 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி பூட்டியே வரும். ஜி.டி-ஆரிலும் அந்தப் பூட்டு உண்டு. ஆனால் காரின் நேவிகேஷன் தான் இருக்கும் இடத்தைப் பார்த்து, அது ஃபுஜி, சுசுகா போன்ற அங்கீகரிக்கப்பட்ட பந்தயப் பாதை என்று தெரிந்தால் மட்டும், பூட்டைத் திறக்க ஓட்டுநருக்கு அனுமதி தரும். ஓட்டி முடித்து வெளியே சாலைக்கு வந்ததும் பழையபடி 180தான்.